பொழுதறிந்து மூலம் காணல்: திருப்பூர்ச் சரக்கு வண்டிகளில் எரிபொருள் வாடை

1. பொருளும் எல்லையும்

திருப்பூரில் பனியன் துணி பிறந்த இடத்திலேயே சட்டையாகி முடிவதில்லை. நிட்டிங்கில் உருளையாக இறங்கியது சாயப்பட்டறைக்குப் போகிறது. அங்கிருந்து காம்பாக்டிங், பிறகு கட்டிங், பிரிண்டிங், எம்பிராய்டரி, தையல், அயர்னிங், பேக்கிங் என்று ஒவ்வொரு வேலைக்கும் ஒவ்வொரு கதவு. அந்தக் கதவுகள் மங்கலம் ரோட்டிலும் அவினாசி ரோட்டிலும் பல்லடம் ரோட்டிலும் சிதறிக் கிடக்கின்றன. அவற்றை இணைத்து ஓடுவது பெரிய லாரி அல்ல, சின்னச் சரக்கு வண்டி. 2005 மே மாதம் டாடா ஏஸ் சந்தைக்கு வந்தபின் இந்த ஊர் அதைத் தன் வண்டியாகவே எடுத்துக்கொண்டது. 'குட்டியானை' என்று சொன்னால் போதும், வேறு பெயர் தேவையில்லை. பொலிரோ பிக்கப், ஓசூரில் தயாராகும் அசோக் லேலண்ட் தோஸ்த், மாருதி சூப்பர் கேரி ஆகியவையும் இதே வேலையைச் செய்கின்றன.

இந்த வண்டிகளின் கேபினுக்குள் எரிபொருள் வாடை வந்தால் மூலத்தை எப்படிக் காண்பது, எப்படிச் சரிசெய்வது என்பதே இக்கட்டுரையின் பொருள். கட்டுரையின் வாதம் ஒன்றுதான். பட்டறையில் முதலில் கேட்கப்படும் கேள்வி 'எங்கே ஒழுகுது?' என்பது. அது இரண்டாவதாகக் கேட்க வேண்டிய கேள்வி. முதலில் கேட்க வேண்டியது 'எப்போது அடிக்குது?'. தொல்காப்பியம் முதற்பொருள் என்று நிலத்தையும் பொழுதையும் சேர்த்தே வைத்தது. நம் பட்டறைகள் நிலத்தை மட்டும் வைத்துக்கொண்டு பொழுதை விட்டுவிட்டன. வாடை அடிக்கும் இடமும் எரிபொருள் கசியும் இடமும் ஒன்றாக இருப்பது அரிது என்பதால், இடத்தை வைத்துத் தேடுபவர் ஃபில்டர், பம்ப், பைப் என்று வரிசையாக மாற்றிக்கொண்டே போவார். பொழுதைக் கேட்டவருக்குத் தேட வேண்டிய பரப்பு ஆரம்பத்திலேயே பாதியாகக் குறைந்துவிடும்.

2. வாடையும் மூக்கும்

'வாடை' என்ற சொல்லுக்குப் பழைய பொருள் வடக்கிலிருந்து வரும் குளிர்காற்று. கொங்குப் பேச்சில் அது நாற்றத்தைக் குறிக்கிறது. நம் ஆய்வுக்கு இரண்டு பொருளும் வேண்டும். கேபினுக்குள் வருவது நாற்றம். அதைக் கொண்டுவருவது காற்று.

ஓட்டுநர் 'டீசல் வாடை' என்று சொல்வதை அப்படியே ஏற்றுக்கொள்ளக் கூடாது. அந்த ஒரு பெயருக்குள் நாலைந்து வாடைகள் ஒளிந்திருக்கலாம். எரியாத பச்சை டீசலின் வாடை எண்ணெய்ப் பிசுக்கோடு துணியில் ஒட்டும். பெட்ரோல் சுருக்கென்று ஏறி, கதவைத் திறந்ததும் குறைந்துவிடும். எரிந்த புகையில் கண் எரிச்சல் இருக்கும். அது எரிபொருள் கசிவே அல்ல, புகைக்குழாய் மூட்டின் கோளாறு. எரிவாயு வண்டியில் வருவது அழுகிய வெங்காயம் போன்ற வேறொரு நாற்றம்.

இவை போக, வண்டிக்குச் சம்பந்தமே இல்லாத வாடைகளும் உண்டு. இந்த ஊரில் இது முக்கியமான விலக்கு. பிரிண்டிங் யூனிட்டிலிருந்து ஏற்றிய துண்டுகளில் மண்ணெண்ணெய், டர்பன்டைன் வகைக் கரைப்பான்களின் வாடை தங்கியிருக்கும். செக்கிங் பிரிவில் கறை எடுக்கத் துப்பாக்கியில் ஊற்றும் திரவத்தின் கேன் இருக்கைக்குப் பின்னால் உருண்டுகொண்டிருக்கும். நிட்டிங் மிஷினுக்கான எண்ணெய் டப்பா மூடி தளர்ந்து கிடக்கும். தமிழகத்தில் மின்வெட்டு கடுமையாக இருந்த 2010ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஜெனரேட்டருக்கு டீசல் கேன் சுமந்த வண்டிகள், அன்று தரைவிரிப்பின் அடியில் சிந்தியதை வெகுகாலம் மறக்கவில்லை. ஆகவே கேபினைக் காலி செய்துவிட்டு, மிதியடியைத் தூக்கி வெயிலில் போட்டு, ஒரு நாள் வெறும் வண்டியை ஓட்டிப் பார்ப்பதுதான் எந்த ஆய்வுக்கும் முதல் படி. காசு செலவில்லாத படி என்பதாலோ என்னவோ, பெரும்பாலும் யாரும் செய்வதில்லை.

அடுத்தது மூக்கு. ஒரே வாடையில் சில நிமிடங்கள் இருந்தால் மூக்கு அதைச் சொல்வதை நிறுத்திவிடும். நாளெல்லாம் கேபினில் இருக்கும் ஓட்டுநர் இந்த வழக்கில் நல்ல சாட்சி அல்ல. "ஏனுங்ணா, வாடை அடிக்குதுங்களா? எனக்கு ஒண்ணும் தெரியலீங்" என்று அவர் லோடுமேனைக் கேட்பது பொய் இல்லை, அவருக்கு உண்மையிலேயே தெரியவில்லை. தெருவிலிருந்து வந்து கதவைத் திறக்கும் ஆளின் முதல் இரண்டு மூச்சுதான் கணக்கு. சோதனை செய்யும் மெக்கானிக்கும் பத்து நிமிடம் வெளியே நடந்துவிட்டு வந்து முகர வேண்டும்.

3. எரிபொருள் நடக்கும் வழி

பழைய குட்டியானையின் 702 சி.சி. இரண்டு சிலிண்டர் டீசல் இன்ஜின் இருக்கைக்கு அடியில் இருக்கிறது. ஓட்டுநர் இன்ஜினுக்கு மேலேயே உட்கார்ந்திருக்கிறார் என்பதை மனதில் வைத்துக்கொண்டு இந்தப் பகுதியைப் படிக்க வேண்டும். பொலிரோ பிக்கப்பில் இன்ஜின் முன்மூடிக்குள் இருப்பதால் வாடைக்கு ஒரு தடுப்புச் சுவர் உண்டு. குட்டியானையில் இருக்கைக்கு அடியிலுள்ள மூடியும் அதன் ரப்பர் பீடிங்கும்தான் சுவர்.

டீசல் வண்டியில் எரிபொருள் மூன்று நிலைகளைக் கடக்கிறது. டேங்கிலிருந்து பம்ப் வரை அது உறிஞ்சப்படுகிறது. குழாயின் உள்ளே வெளிக்காற்றைவிட அழுத்தம் குறைவு. இந்தப் பகுதியில் விரிசல் இருந்தால், வண்டி ஓடும்போது டீசல் வெளியே வராது, காற்று உள்ளே போகும். நின்றபின்தான் சொட்டும். காலையில் ஸ்டார்ட் ஆக அடம்பிடித்து, 'ஏர் லாக்' என்று கைப் பிரைமரை அடிக்கவைத்து, ஸ்டார்ட் ஆனதும் வாடை அடிக்கிறது என்றால், ஒழுகல் உறிஞ்சும் பக்கத்தில் இருக்கிறது. இரண்டும் ஒரே ஓட்டையின் வேலை.

பம்பிலிருந்து இன்ஜெக்டர் வரை உயர் அழுத்தம். பழைய வகை இன்ஜினில் இன்ஜெக்டர் திறப்பதற்கே நூறு பாருக்கு மேல் வேண்டும். காமன் ரெயில் இன்ஜினில் அது ஆயிரத்தைத் தாண்டிப் போகும். இங்கே கசிவு துளியாக வராது, கண்ணுக்குத் தெரியாத மென்புகையாகப் பீச்சும். அதைக் கையால் தடவித் தேடுவது பட்டறைகளில் நான் பார்த்த மிக ஆபத்தான பழக்கம். அந்த அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். ஊசி குத்திய அளவே வெளியில் தெரியும். விரலை இழக்க நேரிடும். அப்படி நேர்ந்தால் காயம் சிறிதாகத் தெரிகிறதே என்று காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். தேடுவதற்கு ஒரு அட்டைத் துண்டு போதும். பாதுகாப்புக் கண்ணாடி போட்டு, கையைத் தள்ளி வைத்து அட்டையைக் காட்டினால் கசிவு அதில் கோடு போடும்.

மூன்றாவது, இன்ஜெக்டரிலிருந்து மிச்ச டீசல் டேங்குக்குத் திரும்பும் ரிட்டன் ஹோஸ். சுண்டுவிரலைவிட மெலிதான, நூல் பின்னிய ரப்பர்க் குழாய். அழுத்தம் மிகக் குறைவு என்பதால் அதை யாரும் மதிப்பதில்லை. ஆனால் இன்ஜின் தலையின் சூட்டிலேயே அது வாழ்கிறது. சில வருடங்களில் காய்ந்து, விரலால் வளைத்தால் வெடிப்பு தெரியும். அதிலிருந்து சொட்டு விழாது, வியர்க்கும். வியர்த்தது சூட்டில் ஆவியாகி மேலே, அதாவது இருக்கைக்கு, ஏறும். டீசல் குட்டியானையில் கேபின் வாடை என்று வந்தால் என் பந்தயம் முதலில் இந்தக் குழாயின் மேல்தான்.

பெட்ரோல் வண்டியின் வழி வேறு. 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 வந்ததை ஒட்டி 694 சி.சி. பெட்ரோல் இன்ஜினோடு ஏஸ் கோல்ட் வந்தது. இதுபோன்ற வண்டிகளில் டேங்கிலிருந்தே பெட்ரோல் அழுத்தத்தோடு கிளம்புகிறது. உறிஞ்சும் பகுதி கிடையாது. கூடவே ஒரு புதிய உறுப்பு உண்டு. டேங்கில் எழும் ஆவியைப் பிடித்து வைக்கும் கரித்தூள் டப்பா, கேனிஸ்டர். பங்க்கில் துப்பாக்கி தானாக நின்றபிறகும் 'ரவுண்டா போடுங்க' என்று இன்னும் கொஞ்சம் அமுக்கினால், ஆவிக்கான அந்த டப்பாவுக்குள் திரவமே போய்விடும். ஊறிய கரி ஆவியைப் பிடிக்காது. அந்த ரவுண்டுக் கணக்கு பல நாள் வாடையாகத் திரும்பி வரும்.

ரப்பரைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1993இல் அமெரிக்காவில் கந்தகம் குறைத்த டீசல் வந்தபோது, பழைய வண்டிகளின் பம்ப் சீல்கள் திடீரென ஒழுகின. பழைய எரிபொருளின் அரோமாட்டிக் சேர்மங்களில் ஊறிப் பருத்திருந்த நைட்ரைல் ரப்பர், புதிய டீசலில் சுருங்கியதே காரணம். இந்தியாவில் பி.எஸ்.6 டீசலில் கந்தகம் பத்து லட்சத்தில் பத்துப் பங்கு, பி.எஸ்.4இல் ஐம்பதாக இருந்தது. பெட்ரோலிலோ 20 சதவீத எத்தனால் கலப்பு 2023 முதல் பங்க்குகளுக்கு வரத் தொடங்கியது. எத்தனால் சில வகை ரப்பரை ஊதவைக்கும், காயவும் வைக்கும். பத்து வருடம் ஒழுகாத வண்டி இப்போது ஒழுகுகிறது என்றால், வண்டியின் வயதோடு எரிபொருளின் மாற்றத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

4. காற்று நுழையும் வழி

வண்டி ஓடும்போது கேபினுக்குப் பின்னால் காற்றழுத்தம் குறைகிறது. பக்கக் கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கினால் உள்ளிருக்கும் காற்று வெளியே இழுக்கப்படும். அந்த இடத்தை நிரப்பத் தரையிலிருந்து காற்று ஏறும். கியர் கம்பியின் ரப்பர்க் கூடு, வயர்கள் நுழையும் துளைகளின் ரப்பர், இருக்கைக்கு அடியிலுள்ள மூடி எல்லாம் வாசலாகும். வாடை போக ஜன்னலைத் திறந்தேன், அதிகமாகிவிட்டது என்று ஓட்டுநர் சொன்னால் சிரிக்க வேண்டாம். அவர் சரியாகத்தான் கவனித்திருக்கிறார்.

கிழிந்த பீடிங்கை மாற்றினால் வாடை குறையும். கசிவு குறையாது. அந்த வேலையை மட்டும் செய்து வண்டியை அனுப்பிவிடும் பட்டறை, அடைத்தது எச்சரிக்கை வரும் வாசலை.

5. பொழுது

திங்கட்கிழமை மட்டும் வாடையடித்த ஒரு வண்டியை எனக்குத் தெரியும். உரிமையாளர் ஃபில்டர் மாற்றினார், ரிட்டன் ஹோஸ் மாற்றினார், ஃபீட் பம்பைப் பிரித்துக் கோத்தார். வேலையில்லாத நாளாகப் பார்த்து, வியாழனோ வெள்ளியோ பட்டறைக்குக் கொண்டுபோவார். மெக்கானிக் தேடுவார், ஒன்றும் இருக்காது. மறு திங்கள் மீண்டும் வாடை.

திருப்பூரில் வாரம் சனிக்கிழமையில் முடிகிறது. வாரச் சம்பளம், வண்டி வாடகை, பாக்கி எல்லாம் அன்று மாலைதான் கைக்கு வரும். பணம் வந்ததும் அந்த ஓட்டுநர் டேங்கை முட்ட நிரப்பிவிடுவார். ஞாயிறு முழுதும் வண்டி தகரக் கூரை ஓரம் வெயிலில் நிற்கும். டீசல் ஒரு டிகிரி செல்சியஸ் சூடேறினால் ஏறத்தாழ ஆயிரத்தில் 0.83 பங்கு விரியும். முப்பது லிட்டர் டீசல் பதினைந்து டிகிரி சூடேறினால் சுமார் 370 மில்லி கூடும். நிறைந்த டேங்கில் அதற்கு இடமில்லை. டேங்கின் உச்சியில் மீட்டருக்கான மிதவை பொருந்தும் இடத்துக் கேஸ்கெட் காய்ந்திருந்தது. அந்த வழியே கசிந்து டேங்கின் முதுகில் பரவியது. திங்கள் காலை சாயப்பட்டறை வாசலில் வரிசையில் நின்றபோது வாடை. புதன்கிழமைக்குள் டீசல் பாதியாகிவிடும், உச்சி காய்ந்துவிடும். வியாழன் வண்டி சுத்தமான வண்டி.

'எப்போது?' என்று முதலில் கேட்டிருந்தால் இது ஒரு கேஸ்கெட் வேலை. ஒரு பொதுவிதியும் இதிலிருந்து கிடைக்கிறது: டேங்க் நிறைந்திருக்கும்போது மட்டும் வாடை என்றால், கசிவு பாதிக்கு மேலே, அதாவது ஊற்றும் வாயின் ரப்பர், மூடி, மிதவைக் கேஸ்கெட், ஆவிக் குழாய் ஆகியவற்றில் ஒன்றில். நிறைவுக்கும் வாடைக்கும் தொடர்பே இல்லை என்றால் டேங்கின் மேற்பகுதியை மறந்துவிடலாம்.

மற்றப் பொழுதுகளைக் கொஞ்சம் வேகமாகவே சொல்லலாம். சிக்னலில் நின்றால் வாடை, ஓடினால் இல்லை என்றால் மூலம் இன்ஜினருகே. எழும் ஆவியை ஓடும் காற்று அடித்துக்கொண்டு போகிறது. ஓடினால் மட்டும் என்றால் மூலம் பின்னால், டேங்கிலோ பின்பக்கக் குழாயிலோ. நான்காம் பகுதியில் சொன்ன இழுப்பு அதை முன்னால் கொண்டுவருகிறது. மேம்பாலத்தில் ஏறும்போது மட்டும் அடித்தால் டேங்கில் எரிபொருள் பின்பக்கம் ஒதுங்கி நனைக்கும் மூட்டைப் பார்க்க வேண்டும். புளோயரைப் போட்டதும் வந்தால், வெளிக்காற்றை எடுக்கும் வாயருகே ஆவி சேர்கிறது. உள்காற்றையே சுழலவிட்டு நிற்கிறதா என்று பார்த்தால் உறுதியாகும்.

சூட்டின் பொழுது கொஞ்சம் நுட்பமானது. இருபது நிமிடம் ஓடிய பிறகு தொடங்கும் வாடை, சூட்டில் இளகும் ஹோஸையும் ஆவியாகும் வியர்வையையும் காட்டும். இதற்கு நேர் எதிராக, குளிர்ந்த இன்ஜினில் வந்து சூடேறியதும் நிற்பது, சுருங்கிப்போன சீல் சூட்டில் விரிந்து தானே அடைத்துக்கொள்வதால் வருவது. இந்த இரண்டாவது வகை பட்டறையில் பிடிபடவே பிடிபடாது, ஏனென்றால் வண்டி சூடாகத்தான் அங்கே போய்ச் சேருகிறது. ராத்திரி வண்டியைப் பட்டறையிலேயே விட்டுவிட்டு வர வேண்டும்.

மதிய வெயிலில் கதவை மூடி நிறுத்திய வண்டியைத் திறந்ததும் அடித்து, ஓடும்போது மெல்ல மறைவது பெரும்பாலும் கேபினுக்குள்ளேயே கிடக்கும் மூலம்: விரிப்பு, இருக்கைப் பஞ்சு, கேன். டீசல் கொதிநிலையின் வீச்சு ஏறத்தாழ 180 முதல் 370 டிகிரி. பெட்ரோலுக்கு அது 30 டிகிரியருகே தொடங்கி 210 வரை. சிந்திய பெட்ரோல் ஓரிரு நாளில் போய்விடும். சிந்திய டீசல் வாரக்கணக்கில் இருக்கும். பெட்ரோல் வண்டியில் ஒரு வாரமாக வாடை என்றால் அது பழைய சிந்தல் அல்ல, இப்போதும் நடக்கும் கசிவு.

இன்னும் ஒரு இடம் உண்டு, பொழுதே காட்டாத இடம். பம்பின் உள் சீலோ ஃபீட் பம்பின் டயஃப்ரமோ விட்டுவிட்டால் டீசல் வெளியே வராமல் இன்ஜின் ஆயிலுக்குள் போகும். அது டிப் ஸ்டிக்கில் தெரியும்: ஆயில் குறைவதற்குப் பதிலாக ஏறியிருக்கும், நீர்த்திருக்கும், முகர்ந்தால் டீசல். ஆயில் குடிக்காத நல்ல வண்டி என்று பெருமைப்படுபவர்கள் ஒருமுறை முகர்ந்து பார்ப்பது நல்லது. நீர்த்த ஆயிலில் பேரிங் சீக்கிரம் போய்விடும்.

6. பனியன் வேஸ்ட் சோதனை

பொழுது பரப்பைக் குறுக்கிவிட்டது. இப்போது இடத்தைத் தேடலாம். வெளிநாட்டுப் பட்டறைகளில் எரிபொருளில் சாயம் கலந்து புற ஊதா விளக்கு அடித்துப் பார்ப்பார்கள். சாயத்துக்குப் பேர்போன ஊரில் அதைவிட எளிய கருவி சாக்குச் சாக்காகக் கிடைக்கிறது. கட்டிங் டேபிளிலிருந்து விழும் வெள்ளைப் பனியன் வேஸ்ட். நாட்டின் பட்டறைகளில் கை துடைக்கும் துணி அதுதான். எண்ணெயை உறிஞ்சும், கறையைக் காட்டும், வாடையைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

முதலில் சந்தேகப் பகுதியைக் கழுவிக் காயவைக்க வேண்டும். கழுவாமல் தேடுவது பழைய கசிவைத் தேடுவது. கழுவுவதற்கு முன் ஒரு நோட்டம் மட்டும் விடலாம்: டீசல் ஈரம் தூசியையும் துணிப் பஞ்சையும் பிடித்து நாளடைவில் கம்பளம் போல் படியவைக்கும், அந்தக் கம்பளத்தின் மேல் நுனி மூலத்தின் அருகே இருக்கும், ஏனென்றால் திரவம் கீழ்நோக்கித்தான் போகும். காய்ந்தபின், இன்ஜின் ஆறியிருக்கும்போது, குறைந்த அழுத்தப் பகுதியின் ஒவ்வொரு மூட்டிலும் வெள்ளைத் துணியில் ஒரு பட்டையைச் சுற்றிக் கட்டி, எண் எழுதிவிட வேண்டும். புகைக்குழாய்க்கும் ஃபேன் பெல்ட்டுக்கும் அருகே துணி கட்டக் கூடாது. உயர் அழுத்தப் பகுதிக்கு அட்டைதான். பிறகு, வாடை வரும் பொழுது எதுவோ அந்தப் பொழுதை உண்டாக்க வேண்டும். டேங்கை நிரப்ப வேண்டுமானால் நிரப்பி, ஏற வேண்டுமானால் பாலம் ஏறி, பல்லடம் வரை போய்த் திரும்பி, துணிகளை அவிழ்த்து வெளியே கொண்டுபோய்ப் புதிய மூக்கு ஒன்றிடம் கொடுக்கலாம். டீசல் பட்ட துணியில் ஓரம் மங்கிய எண்ணெய் வட்டம் காயாமல் நிற்கும். இன்ஜின் ஆயில் கறுப்பாகக் காட்டும்.

இந்த முறை பெட்ரோல் வண்டிக்கு ஆகாது. பெட்ரோல் ஊறிய துணியைச் சூடான இன்ஜினில் கட்டி ஓட்டுவது திரி வைப்பதற்குச் சமம். பெட்ரோல் பூஜ்ஜியத்துக்குக் கீழே 40 டிகிரியிலும் தீப்பிடிக்கும் ஆவியைத் தரும். காற்றில் சுமார் 1.4 சதவீதம் கலந்தாலே பற்றும். காற்றைவிடக் கனமாதலால் தரையோடு ஊர்ந்து, பட்டறையின் மறு கோடியில் இருக்கும் வெல்டிங் பொறியைத் தேடிப் போகும். பெட்ரோல் வண்டியில் கேபின் வாடை என்றால் முடிவு எளிது: ஓட்டாதே, நிறுத்து, மெக்கானிக்கை வண்டி இருக்கும் இடத்துக்கு வரச்சொல். டீசலுக்கு அந்த அவசரம் இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். இந்தியத் தரப்படி டீசலின் தீப்பற்று நிலை குறைந்தது 35 டிகிரி இருக்க வேண்டும். சித்திரை மதியத்தில் ஓடும் இன்ஜினைச் சுற்றி 35 டிகிரி என்பது குளிர்ச்சி.

7. செப்பம்

வேலை தொடங்கும் முன் பேட்டரியின் மைனஸ் வயரைக் கழற்ற வேண்டும். பக்கத்தில் தூள் வகைத் தீயணைப்பான் இருக்க வேண்டும். வாளித் தண்ணீர் எண்ணெய்த் தீயைப் பரப்பத்தான் செய்யும்.

ஹோஸுக்கு ஹோஸ் ஒன்றல்ல. தண்ணீர்க் குழாயையோ பச்சை டியூபையோ வெட்டிப் போட்டால் சில வாரத்தில் ஊறி இளகும். டீசலுக்கு எரிபொருள் என்றே அச்சிட்ட ஹோஸ் வேண்டும். எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு உட்பூச்சு ஃப்ளூரோ ரப்பரான எஸ்.ஏ.இ. ஜே30 ஆர்9 போன்ற தரம் வேண்டும். திருகும் பட்டை கிளாம்ப் மெல்லிய ஹோஸை வெட்டிவிடும். ஓரம் மடித்த கிளாம்ப் நல்லது. பேஞ்சோ போல்ட்டின் இருபுறமும் உள்ள காப்பர் வாஷர், ஒருமுறை நசுங்கி இறுகியது. பழைய மிஸ்திரிகள் அதைச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டு மிருதுவாக்கித் திரும்பப் போடுவார்கள். அறிவியல்படி அது சரியே. ஆனால் புது வாஷரின் விலையைப் பார்த்தால் அந்தச் சிரமத்துக்கு இப்போது அர்த்தமில்லை.

டேங்கில் விரிசல் என்றால் துணி சோப்பை அழுத்தித் தேய்த்து அடைப்பது வழியில் நின்றுபோன டீசல் வண்டி வீடு சேர்வதற்கான உபாயம். அதை மருந்தாக எடுத்துக்கொள்ளக் கூடாது. எபாக்சிப் பசையும் அப்படியே. வெல்டிங்தான் வழி என்றால் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும்: நிறைந்த டேங்கைவிடக் காலி டேங்க் ஆபத்தானது. நிறைந்ததில் காற்றுக்கு இடமில்லை. காலியானதில் ஆவியும் காற்றும் வெடிக்கும் விகிதத்தில் கலந்து காத்திருக்கும். கழற்றி, நீராவி விட்டுக் கழுவி, அந்த வேலை தெரிந்தவர் கையில் கொடுப்பது, இல்லாவிட்டால் டேங்கையே மாற்றுவது. இதில் சிக்கனம் பேச ஒன்றுமில்லை.

8. விலக்கு: எரிவாயு வண்டி

சி.என்.ஜி. வண்டிக்கு மேலே சொன்ன எதுவும் பொருந்தாது. இயற்கை வாயுவுக்கு வாடையே கிடையாது. நாம் முகர்வது, கசிவு தெரியட்டும் என்று வேண்டுமென்றே சேர்த்த கந்தகச் சேர்மம். 1937இல் அமெரிக்காவின் டெக்சாஸில் நியூ லண்டன் என்ற ஊரில் வாடையில்லாத வாயு பள்ளிக்கூடத்தின் அடியில் சேர்ந்து வெடித்து ஏறத்தாழ முந்நூறு பேர் இறந்தபின் இந்த வழக்கம் சட்டமாகப் பரவியது. வாடை வந்தால் இன்ஜினை அணைத்து, கதவுகளைத் திறந்து, சிலிண்டர் வால்வை மூடி, விலகி நிற்க வேண்டும். இருநூறு பாரில் நிரப்பிய சிலிண்டரின் மூட்டை ஸ்பேனரால் இறுக்கிப் பார்ப்பது யாருடைய வேலையும் அல்ல. சிலிண்டரின் மூன்றாண்டுச் சோதனைத் தேதி தாண்டவில்லையா என்பதை மட்டும் உரிமையாளர் பார்த்துக்கொள்ளலாம்.

9. எஞ்சிய வாடையும் சரக்கும்

கசிவு நின்றபின்னும் வாடை சில நாள் இருக்கும். தரைவிரிப்பின் அடியிலுள்ள கம்பளி, இருக்கையின் ஸ்பாஞ்ச் இரண்டையும் கழற்ற வேண்டும். மரத்தூளால் ஈரத்தை எடுத்து, சோப்புத் தண்ணீரில் அலசி, வெயிலில் போட்டு, சமையல் சோடாவைத் தூவி ஒரு ராத்திரி விட்டால் பெரும்பகுதி போய்விடும். போகாத ஸ்பாஞ்சைத் தூக்கி எறிவதே மேல். கண்ணாடியில் தொங்கவிடும் மணப்பொருளை இந்த நாட்களில் எடுத்துவிட வேண்டும். கசிவு மீண்டும் வந்தால் முதலில் சொல்ல வேண்டிய மூக்கை அது வாயடைத்துவிடும். பெட்ரோலில் பென்சீன் உண்டு, பி.எஸ்.6 தரத்தில் ஒரு சதவீதம் வரை அனுமதி. அது புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதிசெய்யப்பட்ட பொருள். சாயம் இறங்கும்வரை ராத்திரியில் கேபினிலேயே படுத்துக் காத்திருக்கும் ஓட்டுநர் வாடையோடு சேர்த்து மூச்சிழுப்பது அதையும்தான்.

உரிமையாளர்களுக்கு இந்த வாதம் ஏறாவிட்டால் சரக்கின் வாதம் ஏறும். சீனாவின் ஜி.பி. 18401 என்ற 2010ஆம் ஆண்டுத் துணித் தரத்தில், துணியில் இருக்கக் கூடாத வாடைகளாகப் பூஞ்சை, மீன் ஆகியவற்றோடு மண்ணெண்ணெய் போன்ற பெட்ரோலிய வாடையும் பெயர் சொல்லித் தடுக்கப்பட்டிருக்கிறது. 1992இல் தொடங்கிய ஓகோ-டெக்ஸ் சான்றிதழும் வாடையைச் சோதிக்கிறது. அங்கே கருவி, நம் லோடுமேனைப் போலவே, பயிற்சி பெற்ற மனித மூக்கு. கேபினின் பின்சுவரை ஒட்டி ஏற்றிய உருளைக்கு டேங்கின் முதுகில் படர்ந்த டீசல் வெகு அருகில் இருக்கிறது. பாலியஸ்டரின் இயல்பு எண்ணெயோடு ஒட்டுவது. பருத்தியில் அலசினால் போவது அதில் தங்கிவிடும். பருத்தியிலிருந்து செயற்கை இழைக்கு ஆர்டர்கள் நகர நகர, ஒழுகும் வண்டியின் மேல் இந்த ஊர் காட்டிவந்த பொறுமைக்கு விலை கூடும்.

செப்பம் முடிந்ததா என்பதைப் பட்டறையில் வைத்துச் சொல்ல முடியாது. அந்தத் திங்கட்கிழமை வண்டிக்குப் புதுக் கேஸ்கெட் போட்டது ஒரு வியாழன். சனிக்கிழமை மாலை டேங்கை வழக்கம்போல் முட்ட நிரப்பச் சொன்னோம். ஞாயிறு அதே தகரக் கூரை ஓரம், அதே வெயில். திங்கள் காலை ஓட்டுநரை ஏறவிடாமல் எதிர் டீக்கடைப் பையனைக் கூப்பிட்டுக் கதவைத் திறக்கச் சொன்னோம். அவன் தலையை உள்ளே நீட்டி இரண்டு மூச்சு இழுத்து, "பீடி வாடைதானுங்ணா அடிக்குது" என்றான்.